ஜில்லா போர்டும் பின்னலாடை ஊரும்

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையைத் திருப்பூர்–கோபி சாலை குறுக்கே கடக்கும் இடத்தில் இருக்கிறது பெருமாநல்லூர். பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதற்காகக் கொங்கு முழுக்கத் தெரிந்த ஊர். அதற்கு ஓர் ஊராட்சி உண்டு. அந்த ஊராட்சி திருப்பூர் ஊராட்சி ஒன்றியத்தில் சேர்ந்தது. வருவாய்த் துறையின் கணக்கிலோ அது நெடுங்காலம் அவினாசி வட்டம். இப்போது திருப்பூர் வடக்கு வட்டம். மாவட்டம் 2009 வரை கோயம்புத்தூர், அதன் பிறகு திருப்பூர். இந்த அடுக்குகள் எல்லாவற்றுக்கும் முன்னால், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம், இவ்வூர்ச் சாலையையும் பள்ளியையும் அம்மை குத்துதலையும் கவனித்துக்கொண்டிருந்த ஓர் அமைப்பு இன்று இல்லை. அதன் பெயர் கோயம்புத்தூர் ஜில்லா போர்டு.

உள்ளாட்சி வரலாறு என்றால் நம் பாடநூல்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்கி, ரிப்பன் பிரபுவுக்கு ஒரு வணக்கம் வைத்து, ஒரே தாவலில் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வந்துவிடும். இடையில் போர்டுகள் நடத்திய ஆட்சி காணாமல் போய்விடுகிறது. அந்த ஆட்சியைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய பெருமாநல்லூரின் சாக்கடைப் பிரச்சினையைக்கூட முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

போர்டு பிறந்தது மக்களாட்சி ஆசையால் அல்ல, காலிக் கஜானாவால். 1857க்குப் பிறகு கடனில் கிடந்த இந்திய அரசு, 1870இல் மேயோ பிரபு காலத்தில் சாலை, கல்வி, மருத்துவம் போன்ற செலவினங்களை மாகாணங்களின் தலையில் வைத்தது. மாகாணம் அதை ஜில்லாவின் தலையில் இறக்கியது. சென்னை மாகாணத்தின் 1871 ஆம் ஆண்டு லோக்கல் ஃபண்டு சட்டம் இப்படித்தான் வந்தது: உங்கள் ஊர்ச் சாலைக்கு உங்கள் ஊரிலேயே வரி போட்டுக்கொள்ளுங்கள். 1882 மே 18 அன்று ரிப்பன் வெளியிட்ட தீர்மானம் இந்தக் கணக்கு வழக்குக்கு ஒரு கொள்கை உடை போர்த்தியது. உள்ளாட்சி செலவைக் குறைக்கும் உபாயம் மட்டுமல்ல, மக்கள் அரசியல் பழகும் களம் என்றார் அவர். 1884இல் சென்னை மாகாண லோக்கல் போர்டுகள் சட்டம் மூன்று அடுக்கு வைத்தது. ஜில்லாவுக்கு ஒரு போர்டு. அதன் கீழ் தாலுகா போர்டு. சில ஊர்களைக் கூட்டி யூனியன் பஞ்சாயத்து.

தலைவர் யார்? ஜில்லா போர்டுக்குக் கலெக்டர். தாலுகா போர்டுக்கு டிவிஷன் அதிகாரி. யூனியனில் ஊர் மணியக்காரர்கள் பதவி வழியே உறுப்பினர்கள். ஆகவே முதல் முப்பது ஆண்டுகள் போர்டு என்பது கலெக்டர் கச்சேரியின் இன்னொரு அறை என்று சொன்னால் தவறில்லை. ஆனால் அந்த அறைக்குத் தனிப் பெட்டி இருந்தது. முக்கியம் அதுதான். நிலத் தீர்வையோடு ரூபாய்க்கு இத்தனை அணா என்று வசூலான செஸ், சாலைகளில் வைத்த சுங்க கேட்டுகள், சந்தைக் குத்தகை, ஓடத்துறைக் குத்தகை, வீட்டு வரி எல்லாம் போர்டின் பணம். அந்தப் பணத்தில் போர்டு தனக்கென்று இன்ஜினியர், ஓவர்சியர், டாக்டர், அம்மைப்பால் குத்துபவர், பள்ளி ஆசிரியர் எல்லாரையும் வைத்துக்கொண்டது.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு இதன் உச்சத்துக்குப் போயிற்று. நிலவரியோடு தனியாக ரயில் செஸ் போட்டு, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குச் சொந்தமாகவே ரயில் பாதை அமைத்தது. 1894இல் வண்டி ஓடியது. கோவை போர்டும் பின்வாங்கவில்லை. 1915இல் திறக்கப்பட்ட போத்தனூர்–பொள்ளாச்சி ரயில் பாதை அதன் சொத்து. ஓட்டியது மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. இன்று ஒரு மாவட்ட ஊராட்சி ரயில் பாதை போடுகிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் இருக்கிறது.

கோவை போர்டின் நிலைமை தஞ்சையைவிடச் சிரமமானது. காவிரிப் பாசனத்து நன்செய்க்குத் தீர்வை அதிகம்; தீர்வை அதிகமானால் செஸ்ஸும் அதிகம். அவினாசி, பல்லடம் பக்கம் புன்செய்க் காடும் கிணற்றுப் பாசனமும்தான். கம்பும் சோளமும் விளையும் மேட்டு நிலத்தின் தீர்வையில் எத்தனை அணா செஸ் தேறும்? அதனால் இங்கே சாலையும் சுங்கமும் கூடுதல் முக்கியம் பெற்றன. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை திருப்பூர் வழியாகப் போத்தனூரைத் தொட்டது. 1900களின் முதல் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி கோவை ஜில்லாவில் வேர் பிடித்தது. கிணற்று நீர் பாய்ச்சி வளர்த்த அந்த நீள இழைப் பருத்தி மாட்டு வண்டிகளில் திருப்பூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. அது போன சாலைகள் போர்டு சாலைகள். வழியில் வண்டிக்குக் கட்டிய சுங்கம் போர்டின் வருமானம். திருப்பூர் பஞ்சு மண்டிகளின் ஊராகவும், 1917இல் நகரசபையாகவும் ஆனதன் பின்னால் மில்காரர்களின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. சரளை கொட்டி உருளை ஓட்டிய ஒரு கிராமப்புற நிர்வாகமும் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. திருப்பூரின் கதையை எப்போதும் தனிமனித உழைப்பின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம்.

இந்த இடத்தில் இங்கிலாந்தைக் கொஞ்சம் பார்க்கலாம், சட்டத்தின் வார்ப்பு அங்கிருந்து வந்ததால். அங்கே 1888இல் கவுண்டி கவுன்சில்கள், 1894இல் கிராமப்புற ஜில்லா கவுன்சில்களும் பாரிஷ் கவுன்சில்களும் வந்தன. கவனிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கு: சென்னையின் மூன்றடுக்குச் சட்டம் 1884. கிராமப்புறத்துக்கு அடுக்கடுக்கான உள்ளாட்சியைச் சென்னை மாகாணம் ஆளுகிற நாட்டுக்குப் பத்தாண்டு முன்பே பெற்றுவிட்டது. வேறுபாடு உள்ளே இருந்தது. இங்கிலாந்தின் 1894 சட்டம் வாக்காளரை முன்னால் வைத்தது. மணமான பெண்களும் ஓட்டுப் போட்டார்கள், கவுன்சிலுக்கு நின்றார்கள். இங்கே கலெக்டர் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

அவர் எழுந்துகொண்டது 1920ஐ ஒட்டித்தான். அந்த ஆண்டின் லோக்கல் போர்டுகள் சட்டமும் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்குப் பெரும்பங்கு கொடுத்தன. இரட்டை ஆட்சியில் உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சர்களுக்கு வந்தது. நீதிக்கட்சியின் பனகல் அரசரும் பிறகு பொப்பிலி அரசரும் அதைக் கையில் வைத்திருந்தார்கள். அப்போதுதான் போர்டு அரசியல் சூடு பிடித்தது. போர்டு தலைவர் பதவி என்பது நூற்றுக்கணக்கான வாத்தியார் வேலைகள், ரோடு கான்ட்ராக்டுகள். யாரை நியமிப்பது, யாரைக் கவிழ்ப்பது என்பதில் நீதிக்கட்சியின் காலம் பாதி கழிந்தது. வரி கட்டுகிறவருக்கு மட்டுமே ஓட்டு. ஆகவே மிராசுதார், பட்டக்காரர், வக்கீல், மில் முதலாளி ஆகியோரின் மன்றமாகவே போர்டு நடந்தது. தாலுகா போர்டுகளை 1934இல் பொப்பிலி அரசு ஒழித்தது. செலவு மிச்சம் என்று காரணம் சொன்னார்கள். அதிகாரத்தை ஜில்லாவில் குவிக்கும் வேலை என்று காங்கிரஸ் குற்றம் சாட்டியது. இரண்டிலும் உண்மை இருந்தது.

ஆனாலும் போர்டை மேட்டுக்குடி மன்றம் என்று ஒதுக்கிவிடுவது அவசரம். போர்டுப் பணத்தில் போட்ட சாலை, வெட்டிய கிணறு, கட்டிய பள்ளி ஆகியவை யாருடையவை என்ற கேள்வி அந்த மன்றத்தைத்தான் முதலில் தாக்கியது. 1924 ஆகஸ்டு 22 அன்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பொதுக் கட்டடங்களிலும் ஆதிதிராவிடர் நுழையத் தடை கூடாது என்றது. அரசு அதை ஆணையாக வெளியிட்டது. கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் அதே மன்றத்தில் இதே உரிமைக்காகப் பேசினார். ஊர்க்கிணறு சாதியின் கிணறாக இருந்தவரை இந்த வாதத்துக்குப் பிடிமானம் இல்லை. போர்டின் கிணறு வரிப்பணத்துக் கிணறு. சட்டம் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைத்தது. ஆணை வந்த மறுநாளே கொங்குக் கிராமங்களில் குடம் இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பொதுச் சொத்து என்ற கருத்தை ஊருக்குள் கொண்டுவந்தது போர்டு என்று மட்டும் சொல்வேன்.

1931இல் போர்டின் முதுகில் முதல் அடி விழுந்தது. சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டம் சாலைச் சுங்க கேட்டுகளை எடுத்துவிட்டு, வாகன வரியை மாகாண அரசிடம் கொடுத்தது. போர்டுகளுக்கு ஈட்டுத்தொகை உண்டு என்றார்கள். சொந்த வருமானம் மானியமாக மாறியது. பஸ்ஸும் லாரியும் பெருகப் பெருக வாகன வரியும் பெருகியது, மாகாணக் கஜானாவில். 1946இல் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையாக அமைந்ததும் சாலைகளும் சாலை இன்ஜினியர்களும் மெல்ல மெல்ல அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இன்று பெருமாநல்லூருக்குக் கிழக்கே விஜயமங்கலத்தில் சுங்கச்சாவடி இருக்கிறது. அங்கே கட்டுவது தேசிய நெடுஞ்சாலைச் சுங்கம். சாலை கடக்கும் ஊராட்சிகளுக்கு அதில் பங்கு இல்லை. சுங்கம் திரும்பி வந்துவிட்டது, உரியவர் மாறிவிட்டார்.

முடிவு காமராஜர் காலத்தில். 1958இல் இரண்டு சட்டங்கள் வந்தன: சென்னை ஊராட்சிகள் சட்டம் ஒன்று, மாவட்ட வளர்ச்சி மன்றங்கள் சட்டம் மற்றொன்று. ஜில்லா போர்டுகள் ஒழிந்தன. சமுதாய வளர்ச்சி வட்டாரத்தை அளவாக வைத்து ஊராட்சி ஒன்றியங்கள் கட்டங்கட்டமாக உருவாகி, 1961 அக்டோபர் 2 அன்று மாநிலம் முழுவதும் பரவி முடிந்தன. எண்ணிக்கை முந்நூற்று எழுபதுக்கும் மேல். ஊராட்சித் தலைவர்களே ஒன்றிய மன்ற உறுப்பினர்கள்; அவர்களில் ஒருவர் பெருந்தலைவர்; நிர்வாகம் ஆணையர் கையில். ஜில்லா அளவில் எஞ்சிய வளர்ச்சி மன்றத்துக்கு யோசனை சொல்லும் வேலை மட்டும். தலைவர் மீண்டும் கலெக்டர். முக்கால் நூற்றாண்டு சுற்றி வந்து 1884இன் நாற்காலியிலேயே உட்கார்ந்தோம்.

ஒழித்தது தவறா? இல்லை என்றே நினைக்கிறேன். கொள்ளேகாலத்து மலையடிவாரமும் உடுமலையும் அவினாசியும் ஒரே போர்டின் கீழ் இருந்த காலத்தில், பெருமாநல்லூர்க்காரர் ஒருவர் தன் ஊர் வண்டிப்பாதைக்காகக் கோவைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். ஒன்றியம் அந்தத் தூரத்தைக் குறைத்தது. 1960களில் குக்கிராமங்களுக்குத் தொடக்கப் பள்ளியும் மதிய உணவும் குடிநீர்க் கிணறும் இணைப்புச் சாலையும் போன வேகத்தைப் போர்டு எக்காலத்திலும் காட்டியதில்லை. இங்கிலாந்தும் தன் கிராமப்புற ஜில்லாக்களை 1974 ஏப்ரல் 1 அன்று ஒழித்தது. அங்கே சொன்ன காரணம் நேர்மாறு: அளவு மிகச் சிறியது, ஒன்றுசேர்த்துப் பெரிதாக்க வேண்டும். இங்கே பெரிது என்று உடைத்தோம். அங்கே சிறிது என்று சேர்த்தார்கள். சரியான அளவு என்று ஒன்று எங்கும் இல்லை. வரி வாங்கவும் ஆள் வைத்துக்கொள்ளவும் அதிகாரம் இருக்கிறதா என்பதே கேள்வி.

அங்கேதான் 1958 சறுக்கியது. புதிய ஒன்றியத்துக்கும் ஊராட்சிக்கும் வைத்த அடிப்படை வரி, பழைய போர்டைப் போலவே நிலத்தீர்வையின் வாலைப் பிடித்தது: தீர்வை ரூபாய்க்கு 45 காசு செஸ். வட்டாரத்தின் செல்வம் நிலத்தை விட்டு விலகத் தொடங்கிய நேரம் அது. பைக்காரா மின்சாரம் 1930களிலேயே வந்துவிட்டது. அது கிணற்றில் மோட்டாரானது, பிறகு திருப்பூரில் பனியன் மெஷினானது. தீர்வை உயராமல் தேய்ந்தது. செஸ்ஸும் தேய்ந்தது. மிச்சத்தை மாநில அரசின் மானியம் நிரப்பியது. மானியம் வந்த வழியில் ஆட்களும் போனார்கள்: 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஆசிரியர்களுக்கு அது நன்மை. சம்பளத்துக்காக ஒன்றியத் தலைவர் முன் நிற்க வேண்டியதில்லை. ஒன்றியத்தின் கையிலோ கட்டடத்தின் சுண்ணாம்புச் செலவு மட்டும் நின்றது.

1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் விவசாய சங்கங்கள் இங்கே அஞ்சலி செலுத்துகின்றன. மின்கட்டணம் எந்த போர்டின் கையிலும் இருந்ததில்லை. போர்டு இருந்திருந்தால் துப்பாக்கி வெடித்திருக்காது என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் ஜில்லா அளவில் உழவர் குரல் பதிவாகும் தேர்தல் மன்றம் அப்போது இல்லை என்பது உண்மை. அந்த வெற்றிடத்தில்தான் நாராயணசாமி நாயுடு தலைமையிலான விவசாயிகள் சங்கம் பேருருக் கொண்டது. தெரு, மன்றத்தின் வேலையை எடுத்துக்கொண்டது.

அதே 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பிறகு, அடுத்தது 1986இல்தான். அதற்குப் பின் 1996. இந்த இடைவெளிகளில்தான் திருப்பூர் மாறியது. 1970களின் பிற்பாதியில் ஐரோப்பிய வியாபாரிகள் பனியன் தேடி வந்தார்கள். 1980களில் ஏற்றுமதி பெருகியது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி யூனிட் ஊரைச் சுற்றி முளைத்தது. பின்னர் பெருமாநல்லூர் சாலையில் ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா எழுந்தது. ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். உள்ளாட்சி அமைப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லாமல் கிடந்த ஆண்டுகளிலேயே அவற்றின் ஊர்கள் தொழில் நகரமாகிவிட்டன. 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் நகர்த்திரளின் மக்கள்தொகை 9.6 லட்சம். அதே ஆண்டு வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் எட்டு ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தன. பெருமாநல்லூர் வெளியே நின்றது.

போர்டு செய்த வேலைகளைச் செய்ய வேறு ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலைகளுக்கும் வழியோர ஊர்களுக்கும் நீர் தர 1995இல் புதிய திருப்பூர் வளர்ச்சிக் கழகம் ஒரு கம்பெனியாகவே பதிவானது. நாளைக்கு 185 மில்லியன் லிட்டர் திறனுள்ள அதன் திட்டம் தனியார் முதலீட்டோடு நடந்தது. சாயக்கழிவை அடக்க 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவினாசித் திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டிலிருந்து 1,045 குளம் குட்டைகளுக்கு நீரேற்றுகிறது. அது நீர்வளத் துறையின் திட்டம். நீர் ஒரு கம்பெனியிடம், கழிவு நீதிமன்றத்திடம், குளம் துறையிடம், சாலை இன்னொரு துறையிடம். ஊராட்சிக்குத் தெருவிளக்கும் குப்பையும் குழாயடியும்.

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மாவட்ட ஊராட்சி என்ற பெயரில் ஜில்லா போர்டின் சாயலைத் திருப்பிக் கொண்டுவந்தது. நேரடித் தேர்தல், தலைவர், கூட்ட அரங்கு எல்லாம் உண்டு. வரி போடும் அதிகாரம் இல்லை. தஞ்சையில் ரயில் விட்டவர்களின் வாரிசு, திட்ட அறிக்கை தயாரிக்கும் குழுவாகிவிட்டது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது திருப்பூர் மாவட்ட ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போனதும் பழைய கதைதான்.

தீர்வு மாநகராட்சியோடு இணைப்பது என்று பலரும் சொல்கிறார்கள். நகரம் விரும்புவது வரிப்பரப்பு. ஊர் அஞ்சுவது வரி உயர்வும் நூறு நாள் வேலை பறிபோவதும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது வேறு. 1884இல் போர்டுக்கு அதன் காலத்துச் செல்வமான நிலத்தின் மீதும் அதன் காலத்து நடமாட்டமான வண்டியின் மீதும் வரி உரிமை தந்தார்கள். இன்றைய பெருமாநல்லூரின் செல்வம் பின்னலாடை. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ய வீதம். உள்நாட்டு விற்பனையின் ஜிஎஸ்டியும் டெல்லிக்கும் சென்னைக்கும் போகிறது. ஊராட்சிக்குக் கட்டட வரி தவிர எஞ்சுவது தொழில் வரி ஒன்றே. அதற்கும் உச்சவரம்பு உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் ஆண்டுக்கு 50 ரூபாய். அரசியலமைப்பின் 276ஆம் பிரிவில் 250. 1988இல் 60ஆவது திருத்தத்தால் 2,500. ஆயிரம் பேர் தைக்கும் கம்பெனியும் சரி, அதன் மேலாளரும் சரி, ஆண்டுக்கு இதற்கு மேல் கட்ட வேண்டியதில்லை. மாவட்டத்தைப் பிரிப்பதும் வட்டத்தை வெட்டுவதும் எல்லைக்கல்லை நகர்த்தும் வேலை. முதலில் இந்த வரம்பை உயர்த்த வேண்டும். கூடுதலாக வருவதில் ஒரு பங்கை ஒன்றியத்துக்குச் சொந்த இன்ஜினியர் வைத்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும். 1988இல் வைத்த அந்த 2,500 ரூபாய் இன்றுவரை மாறவில்லை.